சிறிய பவளத் தொட்டியில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

100 லிட்டர் உப்புநீரில் ஏதாவது பிசகினால் யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. பதறிப்போய்க் கையில் கிடைத்த புட்டியைத் திறந்து ஊற்றினால் பிசகு இரண்டாகும். அதனால் இங்கே ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்குகிறது. எதனால் என்று பிரித்தறியும் சோதனை அடுத்து வரும், கைவைக்கும் வேலை கடைசியில். சோதனையைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒரு நாளில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று கடைசிவரை தெரியாது.

கணக்குகள் எல்லாம் இப்படி ஒரு தொட்டிக்கு: மேலே 60 × 40 × 40 செ.மீ. கண்ணாடித் தொட்டி, ஓவர்ஃப்ளோ பெட்டியோடு (மேலே வழியும் நீரைப் பிடித்துக் கீழே அனுப்புவது). கீழே 45 × 30 × 35 செ.மீ. சம்ப் (வடிகட்டும் கருவிகள் நிற்கும் கீழ்த்தொட்டி), அதில் 20 செ.மீ. உயரத்துக்கு நீர். பாறையும் மணலும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் மொத்தம் ஏறத்தாழ 100 லிட்டர். உங்கள் தொட்டியின் கொள்ளளவைக் கண்ணாடி அளவை வைத்து ஊகிக்க வேண்டாம். முதல்முறை நிரப்பும்போதே எத்தனை லிட்டர் ஊற்றினீர்கள் என்று எண்ணி, சம்பின் மேல் எழுதி ஒட்டுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு கிராமும் அந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது.

பிடித்து நிறுத்த வேண்டிய அளவுகள்: உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, அதாவது ஒப்படர்த்தி 1.026, வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் கார்பனேட் இருப்பு) 8–9 டிகேஎச் (அதன் அலகு), கால்சியம் 400–450 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு), மெக்னீசியம் 1,250–1,400 பிபிஎம், நைட்ரேட் 2–15 பிபிஎம், பாஸ்பேட் 0.03–0.1 பிபிஎம். வரம்புக்குள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட அங்கேயே ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் பவளத்துக்கு முக்கியம். 7.5 டிகேஎச்சில் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கும் தொட்டி, 8க்கும் 10க்கும் இடையே வாராவாரம் ஏறி இறங்கும் தொட்டியைவிட நன்றாக இருக்கும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் அளவுகருவி

நன்றாக இருக்கும் தொட்டியைத் தவறான அளவீட்டை நம்பித் திருத்தப்போய்க் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது. ரிஃப்ராக்டோமீட்டரை (ஒளி வளைவதை வைத்து உப்புத்தன்மை காட்டும் கருவி) வெறும் சுத்த நீரில் சுழியத்துக்குத் திருப்பினால் போதாது. சந்தையில் கிடைக்கும் பல ரிஃப்ராக்டோமீட்டர்கள் சாதாரண உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. கடல்நீரில் அவை ஆயிரத்துக்கு ஒன்றரைப் பங்குவரை பிசகும். 35 என்று குறித்த அளவுதிருத்தக் கரைசலைத் துளிவிட்டு, அது 35 காட்டும்படி திருகைத் திருப்புங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஊசியோடு ஒரு குமிழி ஒட்டினாலே அளவு மேலே போய்விடும்.

ஹன்னா நிறுவனத்தின் குறைந்த வரம்புப் பாஸ்பரஸ் செக்கர் காட்டுவது பாஸ்பேட் அளவு இல்லை, பாஸ்பரஸ் அளவு. அதுவும் நூறு கோடியில் பங்காக. 3.066ஆல் பெருக்கி 1,000ஆல் வகுத்தால்தான் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். கருவியில் 20 என்றால் பாஸ்பேட் 0.06. கண்ணாடிக் குப்பியில் விரல் ரேகை பட்டிருந்தாலும் எண் ஏறும். துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். சொட்டுச் சோதனைக் கிட்டுகளில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

தொட்டியின் அடியில் அல்லது ஸ்டாண்டில் ஈரம்

ஈரமெல்லாம் கசிவு ஆகாது. உப்புப் பூத்து வழிவது, ஸ்கிம்மர் (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) தெளிப்பது, விளக்கில் படிந்த ஆவி சொட்டுவது ஆகிய மூன்றையும் முதலில் விலக்க வேண்டும். வெளிப்புறத்தை முழுக்கத் துடைத்து உலர்த்துங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும், ஒவ்வொரு பல்க்ஹெட்டின் (கண்ணாடித் துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) கீழும் டிஷ்யூ பேப்பர் துண்டு ஒட்டி, இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நனைந்த துண்டுகளில் எது மேலே இருக்கிறதோ அங்கேதான் தொடக்கம்.

பல்க்ஹெட்டில் என்றால் பெரும்பாலும் ரப்பர் வாஷர் இடம் மாறியிருக்கும். வாஷர் அகன்ற விளிம்புக்கும் கண்ணாடிக்கும் இடையில் வர வேண்டும். நட்டுப் பக்கம் போடக்கூடாது. கையால் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று போதும். வாஷர்மேல் சிலிக்கான் தடவினால் அது வழுக்கி வெளியே பிதுங்கும். கருவி போட்டு இறுக்கினால் கண்ணாடியில் விரிசல்.

சிலிக்கான் மூட்டில் என்றால் மேலே இன்னொரு பூச்சு பூசுவது வீண் வேலை, ஏனென்றால் உலர்ந்த பழைய சிலிக்கானோடு புதியது பிடிக்காது. நீரை வடித்து, உள்மூலைப் பூச்சைப் பிளேடால் முழு நீளத்துக்கும் சீவி எடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பூஞ்சைத்தடுப்பான் கலக்காத சிலிக்கானை ஒரே இழுப்பில் போடுங்கள். 7 நாள் உலரட்டும். பிறகு நல்ல நீர் ஊற்றி 72 மணி நேரம் பார்த்துவிட்டு உப்புநீருக்குப் போகலாம். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே உள்ள தாங்குமூட்டிலேயே விளிம்பிலிருந்து விளிம்புவரை ஓடும் காற்றுக்கோடு தெரிந்தால் உள்பூச்சு உதவாது. அந்தப் பலகையைப் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

நிரப்பிய தொட்டியில் நீர்மட்டம் ஒரு மூலையில் உயர்ந்தும் மறு மூலையில் தாழ்ந்தும் தெரிந்தால் ஸ்டாண்ட் சாய்ந்திருக்கிறது. தொட்டியின் அடியில் அட்டையைச் செருகாதீர்கள். எடை ஒரே புள்ளியில் இறங்கிக் கண்ணாடி பிளக்கும். நீரை வடித்துவிட்டு, ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் சரிசெய்யுங்கள்.

மின்சாரம் நின்றதும் சம்ப் வழிகிறது

தொட்டி கட்டும் இடத்திலேயே தீர்க்க வேண்டிய கோளாறு இது. ரிட்டர்ன் பம்ப் (சம்ப் நீரை மேலே ஏற்றுவது) நின்றதும் மேல் தொட்டி நீர் இரண்டு வழியில் இறங்கும்: ஓவர்ஃப்ளோ வழியாகவும், ரிட்டர்ன் குழாய் சைஃபனாக (நீர் தன் எடையால் தானே இழுத்து ஓடும் குழாயாக) மாறிப் பின்னோக்கியும். மேல் தொட்டியின் பரப்பு 60 × 40, ஆகவே ஒவ்வொரு செ.மீ. இறங்கும்போதும் 2.4 லிட்டர் கீழே வரும். ரிட்டர்ன் வாய் நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே இருந்தால் 19 லிட்டர். ஓவர்ஃப்ளோ பெட்டியில் நிற்கும் இரண்டரை லிட்டரையும் சேர்த்தால் 21.5 லிட்டருக்கு மேல். சம்பில் மேலே காலியாக இருப்பதோ 15 செ.மீ., அதாவது 20 லிட்டர். வழியத்தான் செய்யும்.

வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே ஏற்றினால் இறங்குவது 7 லிட்டர் அளவுதான். ஏற்ற முடியாத அமைப்பானால், ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5 மி.மீ. துளை போடுங்கள், மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் அறுந்துவிடும். நத்தையும் பாசியும் அந்தத் துளையை அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிடுங்கள். செக் வால்வை (நீரை ஒரே திசையில் விடும் அடைப்பான்) மட்டும் நம்ப வேண்டாம். அதன் மடலில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் நீர் கசிந்து இறங்கும்.

சோதனை எளிது. எல்லாம் ஓடும்போது பம்பின் பிளக்கைப் பிடுங்கி, நீர் இறங்கி முடியும்வரை நில்லுங்கள். சம்பில் மேல்விளிம்புக்கு 3 செ.மீ. கீழே நின்றால் சரி. அப்படி நிற்கும்படியாக ஓடும்போதுள்ள அதிகபட்ச நீர்மட்டத்தைச் சம்பின் வெளியே கோடு போட்டு வையுங்கள்.

வடிகால் களகளவென்று சத்தம் போடுகிறது, அல்லது மட்டம் ஏறி இறங்குகிறது

காற்றும் நீரும் கலந்து ஒரே குழாயில் விழுவதால் வரும் சத்தம். இரண்டு குழாய் அமைப்பு இருந்தால், ஒன்றில் கேட் வால்வ் பொருத்தி முழுச் சைஃபனாக ஓடவிட்டு, உயரமான மற்றதை அவசர வழியாக வைக்கலாம். பம்பை ஓடவிட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். ஓவர்ஃப்ளோ பெட்டியில் நீர் உயர்ந்து அவசரக் குழாயில் மெல்லிய இழையாக வழியும் இடத்தில் நிறுத்துங்கள். கேட் வால்வுக்குப் பதில் பால் வால்வ் (கால் சுற்றில் திறந்து மூடும் பந்து அடைப்பான்) போட்டால் இந்த நுணுக்கம் கிடைக்காது.

மின்சாரம் திரும்பி ஐந்து நிமிடமாகியும் சைஃபன் பிடிக்கவில்லை என்றால் வடிகாலின் கீழ்வாய் சம்ப் நீரில் ஆழமாக மூழ்கியிருக்கிறது. 1–2 செ.மீ. மட்டும் மூழ்கும்படி வெட்டுங்கள். அதற்குமேல் போனால் குழாயில் அடைபட்ட காற்றுக்கு வெளியேற வழியில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது சில வாரத்தில் தானாகவே மட்டம் ஏறினால், வால்வைத் தொடுமுன் வடிகட்டி வலையில் நத்தை உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தொட்டி நீரில் பொடிக் குமிழ்கள்

ஸ்கிம்மரை 15 நிமிடம் நிறுத்துங்கள். குமிழ் நின்றால் காரணம் ஸ்கிம்மர். புதியதானால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். நிற்கவில்லை என்றால் ரிட்டர்ன் அறையைப் பாருங்கள். சம்பில் ஆவியாவதெல்லாம் இந்த ஓர் அறையில்தான் மட்டக் குறைவாகத் தெரியும். அறை 15 × 30 செ.மீ. என்றால் 1 லிட்டர் போனாலே 2 செ.மீ.க்கு மேல் இறங்கும், நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியாவதோ சாதாரணம். இரண்டு நாள் நீர் சேர்க்காவிட்டால் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும்.

உப்புத்தன்மை நழுவுகிறது

மெல்ல ஏறினால்: ஆவியாவது நீர் மட்டும், உப்பு அங்கேயேதான் இருக்கிறது. ஈடுகட்ட ஊற்றுவது ஆர்ஓ நீராக (சுத்திகரித்த நல்ல நீராக) இருக்க வேண்டும். உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஏறாமல் என்ன செய்யும்? 100 லிட்டரில் 5 லிட்டர் குறைந்த நிலையில் 35 என்பது 36.8 ஆகியிருக்கும். மெல்ல இறங்கினால்: ஸ்கிம்மர் கோப்பையில் தேநீர் நிறத்தில் நீர்த்த கழிவு நிறைய வருகிறதா பாருங்கள். அதில் போவது உப்புநீர். அந்த இடத்தைத் தானியங்கி நீர்நிரப்பி நல்ல நீரால் நிரப்பிவிடுகிறது.

திடீரென இறங்கினால்: தானியங்கி நீர்நிரப்பி சிக்கிக்கொண்டது. மிதவை சுவிட்சில் நத்தை ஏறியிருக்கும், அல்லது அதன் குழாய்முனை நீருக்குள் மூழ்கிச் சைஃபனாகியிருக்கும். முனையை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே, காற்றில் தொங்கவிடுங்கள். இருப்புத் தொட்டி 10 லிட்டருக்கு மேல் வேண்டாம். 10 லிட்டரும் ஒரே இரவில் கொட்டினாலும் 35 என்பது 31.8 ஆகும், பவளங்கள் சுருங்கும், ஆனால் பெரும்பாலும் மீளும். 25 லிட்டர் இருப்பு கொட்டினால் 28க்கு இறங்கும்.

மீட்பதற்கு, கூடுதலான நீரை வெளியே எடுத்துவிட்டு, அடுத்த சில நாள் ஆவி ஈடுகட்ட நல்ல நீருக்குப் பதில் 35 பங்கு உப்புநீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு லிட்டரும் 0.35 உயர்த்தும். 31.8லிருந்து 35க்கு 9 லிட்டர், அதாவது ஒரு வாரத்துக்கு மேல். நாளுக்கு 1 பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். உப்பைத் தொட்டியிலேயே நேரடியாகப் போடுவது, எவ்வளவு அவசரமானாலும், கூடாது. கரையாத உப்புத் துகள் பவளத்தின் மேல் பட்டால் திசு வெந்துவிடும்.

நீர் பால்போல் வெளுக்கிறது

எப்போது வெளுத்தது என்பதில் பாதி விடை இருக்கிறது. மணல் போட்ட அன்றே என்றால் தூசி. ஒரு கண்ணாடித் தம்ளரில் எடுத்து வைத்தால் அடியில் படியத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் தெளியும், பஞ்சு வடிகட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம்.

கால்சியமோ ஆல்கலினிட்டியோ சேர்த்த சில நிமிடங்களில் வெளுத்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகிறது. தம்ளரில் எடுத்த நீரில் சில சொட்டு வினிகர் விட்டால் தெளிந்துவிடும். இரண்டையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து ஊற்றியிருப்பீர்கள், அல்லது மெக்னீசியம் 1,200க்குக் கீழே போயிருக்கும். அப்போது ஆல்கலினிட்டியும் கால்சியமும் சேர்ந்தே விழும். அவற்றை உடனே தூக்கிநிறுத்தப் பார்த்தால் இன்னும் வீழ்படிவுதான் வரும். சேர்ப்பதை நிறுத்தி, ஒரு நாள் கழித்து அளந்து, மெக்னீசியத்தை முதலில் சரிசெய்யுங்கள். பம்புகளின் சுழலியில் வெண்படலம் ஏறிச் சிக்கியிருக்கும். சம அளவு நீர் கலந்த வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

எதையும் சேர்க்காமலே வெளுத்து, தம்ளரில் படியாமல், வினிகருக்கும் தெளியாமல் இருந்தால் பாக்டீரியாப் பெருக்கம். எங்காவது ஓர் உயிர் செத்துக் கிடக்கலாம், அல்லது சர்க்கரை, வோட்கா, வினிகர் போன்ற கார்பன் உணவு கூடிவிட்டது. நீரின் நிறத்தைவிட, இரவில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதுதான் ஆபத்து. வேவ்மேக்கரை (தொட்டிக்குள் ஓட்டம் உண்டாக்கும் பம்ப்) மேற்பரப்பை நோக்கித் திருப்பி, ஸ்கிம்மரை முழுதாக ஓடவிட்டு, செத்ததைத் தேடி எடுங்கள்.

மூன்று வாரமாகியும் அம்மோனியா இறங்கவில்லை

புதிய தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்க, மீன் இல்லாமல் தொடங்கும்போது அம்மோனியம் குளோரைடு 0.6 கிராம் போட்டால் 100 லிட்டரில் ஏறத்தாழ 2 பிபிஎம் அம்மோனியா வரும். அது போதும். 5 பிபிஎம்முக்கு மேல் ஏற்றினால் வளர வேண்டிய பாக்டீரியாவையே அது தடுக்கும். பாதி நீரை மாற்றி இறக்குங்கள். நீர் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருந்தாலும் வளர்ச்சி இழுக்கும். குளோரின் நீக்கும் திரவம் சேர்த்திருந்தால் சில கிட்டுகள் அம்மோனியா இல்லாதபோதும் இருப்பதாகவே காட்டும். புதிதாகக் கலந்த உப்புநீரை அதே கிட்டில் சோதித்து ஒப்பிடுங்கள்.

அம்மோனியா சுழியமாகி நைட்ரைட் மட்டும் நெடுநாள் நின்றால் கவலை வேண்டாம். கடல்நீரில் குளோரைடு மிகுந்திருப்பதால் நைட்ரைட் மீனை நன்னீரில்போல் தாக்காது. ஆனால் நைட்ரைட் இருக்கும்வரை நைட்ரேட் கிட்டு காட்டும் எண்ணை நம்பக்கூடாது, அது மிகையாகவே காட்டும். மறுபடி 2 பிபிஎம் போட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா மறைந்தால் தொட்டி தயார்.

பாறையிலும் மணலிலும் பழுப்புப் படலம்

புதிய தொட்டியில் அதிகம் குழப்புவது இதுதான். பழுப்பெல்லாம் ஒன்றில்லை, ஒன்றுக்கான மருந்து மற்றதை வளர்க்கும்.

தூள்போலப் படிந்து, விரலால் தடவினால் புகையாகக் கலைந்து, முதல் சில வாரங்களில் வந்தால் டயட்டம். சிலிக்கேட் தின்று வளர்வது. இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே போகும். போகாமல் திரும்பத் திரும்ப வந்தால் ஆர்ஓ இயந்திரத்தின் டிஐ ரெசினை (மிஞ்சிய தாதுக்களைப் பிடிக்கும் கடைசி வடிகட்டி) பாருங்கள். டிடிஎஸ் மீட்டர் (நீரில் கரைந்த பொருளை அளப்பது) சுழியம் காட்டும்போதே ரெசின் சிலிக்கேட்டைக் கசியவிடத் தொடங்கிவிடும்.

சளிபோல நூல்நூலாகத் தொங்கி, நுனியில் குமிழ்களோடு, பகலில் தடித்து இரவில் மெலிந்தால் டைனோஃப்ளாஜெல்லேட். உறுதி செய்ய: கொஞ்சம் உறிஞ்சி ஒரு புட்டியில் போட்டுக் கலங்கும்படி குலுக்கி, காபி வடிதாளில் வடித்து, வடிந்த தெளிநீரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மணி நேரத்தில் மறுபடி சளியாகத் திரண்டால் அதுதான். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமான தொட்டியில்தான் இது கொழிக்கிறது. பாசி என்று நினைத்து நீரை மாற்றுவதும், உணவைக் குறைப்பதும், பாஸ்பேட் உறிஞ்சி போடுவதும் இதற்கு விருந்து வைப்பதாகும். நத்தைகள் மயங்கி விழத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். சில இனங்கள் நச்சுடையவை.

1. பாஸ்பேட் உறிஞ்சியை வெளியே எடுங்கள். நீர்மாற்றத்தை நிறுத்துங்கள்.
2. நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்கு ஏற்றுங்கள். சோடியம் நைட்ரேட் 0.7 கிராம் 100 லிட்டருக்கு 5 பிபிஎம் தரும்.
3. பாஸ்பேட்டுக்கு, நீரற்ற மோனோசோடியம் பாஸ்பேட் 1.26 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ நீரில் கரையுங்கள். இதில் 1 மி.லி. 100 லிட்டரில் 0.01 பிபிஎம் ஏற்றும். நாளுக்கு 5 மி.லி.யில் தொடங்கி, தினமும் அளந்து 0.05–0.1க்குக் கொண்டுவாருங்கள். பாறை உறிஞ்சிக்கொள்வதால் முதல் வாரம் எண் ஏறவே ஏறாது, விடாமல் தொடருங்கள்.
4. 400 மடங்கு நுண்ணோக்கி கிடைத்தால் இனத்தைப் பாருங்கள். ஒரு முனையில் கயிறு கட்டியதுபோல் ஒரே இடத்தில் சுழலும் துளி வடிவமானால் ஆஸ்ட்ரியாப்சிஸ். இரவில் நீரில் மிதக்கும், ஆகவே 9–11 வாட் புறஊதா விளக்கு அதை அடக்கும். மணலை விட்டு எழாத ஆம்ஃபிடினியத்துக்குப் புறஊதா பயன்படாது.

செந்நீல அல்லது கரும்பச்சை நிறத்தில் விரிப்புபோலப் படர்ந்து, ஒரு முனையைத் தூக்கினால் தோலாக உரிந்து வந்தால் அது சயனோபாக்டீரியா. ஓட்டம் படாத மூலையில் தொடங்கும். நீர்மாற்றும் குழாயாலேயே உறிஞ்சி எடுத்து, வேவ்மேக்கரின் திசையை மாற்றி, உணவைக் குறையுங்கள். இதற்கென விற்கும் மருந்துகள் வேலை செய்யும். ஆனால் அழியும் படலம் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் காற்றுக்கல் இல்லாமல் போடாதீர்கள்.

பச்சை நூல்பாசி

பாஸ்பேட் அளந்தால் 0.02 என்கிறது, பாசியோ விரல் நீளம். முரண்பாடு ஒன்றுமில்லை, வருவதையெல்லாம் பாசி உண்டுவிடுகிறது. எங்கிருந்து வருகிறது? உலர்ந்த பாறையில் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் பாறையிலிருந்தே. உதிரியாக மிஞ்சிய பாறை இருந்தால் ஒரு வாளி உப்புநீரில் சிறு பம்போடு ஒரு வாரம் வைத்து அளந்து பாருங்கள். கையால் பிடுங்கி வெளியே எடுப்பதே முதல் மருந்து; தொட்டிக்குள்ளேயே பிய்த்து மிதக்கவிட்டால் ஒவ்வொரு துணுக்கும் புதுச் செடி. பாஸ்பேட் உறிஞ்சியைச் சொன்ன அளவில் கால்வாசி போட்டுத் தொடங்குங்கள். ஒரே நாளில் 0.3லிருந்து 0.03க்கு இறக்கினால் பாசிக்கு முன்னால் பவளம் சாகும். டிரோக்கஸ் நத்தைகள் மிஞ்சியதை மேய்ந்துவிடும்.

பிஎச் 7.8ஐத் தாண்டவில்லை

பிஎச் ஏற்றும் திரவத்தை வாங்குமுன் ஒரு சோதனை. இரண்டு கோப்பைகளில் தொட்டி நீர் எடுத்து, ஒன்றை வீட்டுக்குள்ளும் மற்றதை வெளியே திறந்தவெளியிலும் வைத்து, காற்றுக்கல்லால் ஒரு மணி நேரம் குமிழியிடுங்கள். வெளியே வைத்ததில் மட்டும் ஏறினால் குற்றம் வீட்டுக் காற்றின் கார்பன் டை ஆக்சைடு. ஜன்னலைத் திறப்பதும், ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளியே நீட்டுவதும் தீர்வு. ஆல்கலினிட்டி சரியாக இருந்து பிஎச் 7.8லேயே நின்றாலும் பவளம் வளரும். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். திரவம் ஊற்றிப் பிஎச்சைத் துரத்தினால் ஆல்கலினிட்டி ஏறி ஏறி நிலைகுலையும்.

ஆல்கலினிட்டி விழுந்துகொண்டே இருக்கிறது

விழுவது நல்ல செய்தி, பவளம் எலும்பு கட்டுகிறது. எவ்வளவு என்று தெரிந்தால் போதும். எதையும் சேர்க்காமல் மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். 8.6, 8.2, 7.8 என்று வந்தால் நாளுக்கு 0.4 டிகேஎச் செலவு.

100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும், ஆகவே நாளுக்கு 1.2 கிராம். ஒவ்வொரு 1 டிகேஎச் செலவோடும் 7 பிபிஎம் கால்சியமும் போகும், 0.4க்கு 2.9 பிபிஎம், அதற்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 1 கிராமுக்குச் சற்று மேல். தனித்தனி நீரில் கரைத்து, குறைந்தது 15 நிமிட இடைவெளியில், ஓட்டம் வேகமாக உள்ள இடத்தில் ஊற்றுங்கள். மெக்னீசியம் மெதுவாகவே குறையும். 50 பிபிஎம் ஏற்ற மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 42 கிராம். எண் 6க்கு இறங்கியிருந்தாலும் ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஏற்றாதீர்கள், அரை என்றால் இன்னும் நல்லது.

பவளம் சுருங்குகிறது, வெளுக்கிறது, உரிகிறது

எல்லாம் ஒரே நாளில் சுருங்கினால் நீரில்தான் கோளாறு: உப்புத்தன்மை, வெப்பம், ஆல்கலினிட்டி, இந்த வரிசையில் அளந்து பாருங்கள். அறையில் பூச்சிமருந்தோ வண்ணமோ அடித்திருந்தால் உடனே புதிய செயலூட்டிய கரியை, 100 லிட்டருக்கு அரைக் கோப்பை, பையில் கட்டி ஓட்டத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் சுருங்கினால் அதன் இடத்தில் கோளாறு. நேரடி ஓட்டம் படுகிறதா, பக்கத்துப் பவளத்தின் கொடுக்கு இரவில் எட்டுகிறதா என்று விளக்கணைத்த பிறகு டார்ச்சில் பாருங்கள்.

மேற்புறம் வெளுத்து நிழல்புறம் நிறத்தோடு இருந்தால் ஒளி மிகை. மென்பவளத்துக்கு பிஏஆர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு) 50–150, பெரிய பாலிப் பவளத்துக்கு 75–150, சிறு பாலிப் பவளத்துக்கு 200–350 போதும். விளக்கை 40 சதவீதத்தில் தொடங்கி வாரம் 5 சதவீதம் ஏற்றுங்கள். அடியிலிருந்து திசு உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தால் ஆல்கலினிட்டி ஊசலாடியதா என்று குறிப்பேட்டைப் பாருங்கள். நுனிகள் மட்டும் எரிந்ததுபோல் வெளுத்தால், ஆல்கலினிட்டி 10க்கு மேலும் நைட்ரேட், பாஸ்பேட் சுழியத்திலும் இருக்கக்கூடும், ஆல்கலினிட்டியை 7.5–8க்கு மெல்ல இறங்கவிடுங்கள். யூஃபில்லியாவின்மேல் (பெரிய பாலிப் பவள வகை) பழுப்புக் கூழ் வந்தால் அன்றே எடுத்து, தனிப் பாத்திரத்தில் கூழை உறிஞ்சி, அயோடின் குளியல் கொடுத்து, கெட்ட தலையை வெட்டி எறியுங்கள். காத்திருந்தால் பக்கத்துத் தலைக்கும் தாவும்.

சோவாந்திட், பாலித்தோவா இனங்களைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அவை ஒட்டிய பாறையைக் கொதிக்கவைக்கவோ வெந்நீர் ஊற்றிக் கழுவவோ கூடாது. அவற்றின் நஞ்சான பாலிடாக்ஸின் ஆவியோடு எழுந்து வீட்டில் உள்ளவர்களை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது.

மீன் மேலே வந்து மூச்சு வாங்குகிறது

விடியற்காலையில் மட்டும் என்றால் ஆக்சிஜன் குறைவு. மேற்பரப்பு அலையடிக்க வேண்டும். பகலிலும் தொடர்ந்து, உடலில் பொன்தூள் பூசியதுபோல் தெரிந்தால் வெல்வெட் நோய். இதில் நாள் எண்ண முடியாது, மணி எண்ண வேண்டும். உப்புக்கல் அளவில் தனித்தனி வெண்புள்ளிகள் என்றால் கிரிப்டோகேரியன். இரண்டுக்கும் மருந்தான தாமிரத்தைப் பவளத் தொட்டியில் போட முடியாது. மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை தந்து, பவளத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுவது வழக்கம்.

நீரில் கைவைத்தால் சுருக்கென்கிறது

கையை எடுத்து, மெயின் சுவிட்சை அணையுங்கள். ஒவ்வொரு கருவியாகப் பிளக்கைப் பிடுங்கி, உறை விரிசல் விட்டது எது என்று தேடுங்கள். ஹீட்டரே முதல் சந்தேகம். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் எந்த உப்புநீர்த் தொட்டியும் ஓடக்கூடாது. ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேற வேண்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

ஹீட்டர் கெடும்போது பெரும்பாலும் அணையாமல் சிக்கிக்கொண்டு கெடும். 300 வாட் சிக்கினால் சில மணி நேரத்தில் எல்லாம் வெந்துவிடும். 50 வாட் இரண்டு வைத்து, தனிக் கட்டுப்பாட்டுக் கருவியில் 26.5 டிகிரியில் துண்டிக்கும்படி அமையுங்கள்.

மீன் நன்றாக இருக்கிறது, நத்தையும் இறாலும் மட்டும் சாகின்றன

உப்புத்தன்மையும் ஆல்கலினிட்டியும் சரியாக இருந்தால் உலோகத்தைத் தேடுங்கள். கண்ணாடி துடைக்கும் காந்தம், வேவ்மேக்கரின் காந்தம், பம்பின் சுழலி என எல்லாவற்றையும் வெளியே எடுத்து, பிளாஸ்டிக் உறையில் மயிரிழை விரிசலோ புடைப்போ பழுப்புக் கறையோ உண்டா என்று விளக்கின் கீழ் திருப்பிப் பாருங்கள். ஆர்ஓ இயந்திரத்துக்குப் பின்னால் பித்தளை இணைப்பு ஏதும் உள்ளதா என்பதும் முக்கியம். பாலிஃபில்டர் திண்டு ஒன்றை ஓட்டத்தில் வையுங்கள். நீலமானால் தாமிரம், செம்மஞ்சளானால் இரும்பு. மூலத்தை அகற்றிய பிறகே நீர்மாற்றம்: 25 லிட்டர் வீதம், இரண்டு நாளுக்கொருமுறை, நான்கு தடவை. புதிய திண்டு நிறம் மாறாமல் ஒரு வாரம் நின்ற பிறகு ஒரே ஒரு நத்தையை விட்டுப் பாருங்கள். அது பத்து நாள் கண்ணாடியில் ஏறி மேய்ந்தால் மற்றவற்றை விடலாம்.